பழனி மலையில் செயின்சாவும் வேலியும்: வாங்கிய மெஷின்கள், போட்ட கணக்குகள்

கீழ்ப்பழனி மலையின் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழிப்பது, வீடுகளை ஒட்டி நிற்கும் ஆபத்தான மரங்களை இறக்குவது, மேல்மலைக் கிராமங்களில் வேலி போடுவது, இவைதான் என் தொழில். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் பகுதியில் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அப்போது வேலை குவிந்தது, வாடகைக்கு மரம் அறுக்கும் செயின்சா மெஷின் கிடைக்கவில்லை. சொந்தமாக வாங்கத் தொடங்கியது அப்போதுதான். அன்றிலிருந்து வாங்கியவை, விற்றவை, வேலைக்கு விலை சொல்லும் முறை எல்லாவற்றையும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

"எந்த மெஷின் நல்லது அண்ணே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த உயரத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை நான் முதலில் கேட்பேன். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெஷினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். அட்டையில் 72 சிசி என்று போட்டிருக்கும் செயின்சா மேல்மலையில் 58 சிசி மெஷினைப் போலத்தான் இழுக்கும். ஆகவே சமவெளியில் ஒரு வேலைக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவைவிட ஒரு படி பெரியதாக வாங்க வேண்டும். வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் கடை இருக்கும் இடத்தில் அது தேவைப்படுவதில்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையும் உயரம் விட்டுவைப்பதில்லை. கீழே சரிசெய்து கொண்டுவந்த மெஷின் மேலே புகை கக்கும், மந்தமாக ஓடும், பிளக் கறுத்துப் போகும். காற்று குறைந்த இடத்தில் பெட்ரோல் மிகுதியாகப் போவதுதான் காரணம். 'எச்' என்று குறித்த திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். ஆபத்து திரும்பி வரும்போது இருக்கிறது. மேலே திருகிய அதே நிலையில் மெஷினை மலைக்குக் கீழே ஆத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டினால், பெட்ரோலோடு சேர்ந்து வரும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றுவது சிறு மெஷினில் பாதி விலைக்கு வந்துவிடும். மலை ஏறி இறங்கி வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு மெஷினின் மூடியிலும் அது எந்த உயரத்துக்குத் திருகியது என்று பெயிண்டால் எழுதி வைக்க வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் மின்னணுக் கார்புரேட்டர் உள்ள மெஷின்கள் வந்திருக்கின்றன. விலை அதிகம். கீழ்மலைத் தாண்டிக்குடிக்கும் மேல்மலைக் கவுஞ்சிக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

என்னிடம் அதிகம் உழைப்பது ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 250 செயின்சா. 45.4 சிசி, எடை நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல். சில்வர் ஓக், வாட்டில், கிளை கழிப்பு எல்லாவற்றுக்கும் இதுவே கைக்கு வருகிறது. பெருத்த யூகலிப்டஸ் அடிமரத்துக்கு அதே நிறுவனத்தின் 382, 72.2 சிசி. இவற்றுக்கு முன் பெயரில்லாத 58 சிசி மெஷின் ஒன்றை, மூன்றில் ஒரு பங்கு விலை என்பதால் வைத்திருந்தேன். அது வெட்டாமல் இல்லை, வெட்டியது. ஆனால் செயினுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப் அடிக்கடி நின்றது, இழுகயிற்றின் ஸ்பிரிங் உடைந்தது, உதிரிப் பாகம் ஒவ்வொரு தடவையும் அளவு மாறி வந்தது. மெஷின் ஒரு நாள் நின்றால் நான்கு ஆட்களின் கூலி நின்றுபோகிறது. கடையில் மிச்சம் பிடித்த பணம் அங்கே கரைந்துவிடும். உதிரிப் பாகம் மலைப்பாதையில் இறங்கி ஏறும் ஒரு நாளுக்குள் கைக்கு வருமா என்று பாருங்கள். எந்த நிறுவனம் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான்.

பெட்ரோல் கலவையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் 20 மில்லி, அளந்து ஊற்ற வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மேகம் இறங்கி நிற்கும் ஊர் இது. கலந்து வைத்ததை வாரக்கணக்கில் கேனில் விடாதீர்கள், வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். செயின் தீட்ட, 250க்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 382க்கு 5.2. வெட்டும்போது சீவல் சீவலாக விழுந்தால் ஓட்டலாம். தூளாக விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.

இனி விலைக் கணக்கு. மெஷினின் விலைதான் பெரிய செலவு என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குக்காக 45,000 ரூபாய் மெஷின் 1,500 மணி நேரம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 ரூபாய். பெட்ரோல் மணிக்கு ஒரு லிட்டர், 100 ரூபாய். பெட்ரோலில் கலக்கும் ஆயில், செயினுக்கு விடும் ஆயில் இரண்டுக்கும் 50. செயின் 1,500 ரூபாய், 30 மணி நேரம் தாங்கினால் மணிக்கு 50. செயின் சுற்றி ஓடும் பாருக்கு 25, பழுதுக்கு 20. மொத்தம் 275. இதில் மெஷினின் விலை வெறும் 30. அதில் பத்து ரூபாய் குறைப்பதற்காக மட்டமான மெஷினை வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு. ஒரு வேலைநாளில் செயின்சா உண்மையில் ஓடுவது இரண்டு, மூன்று மணி நேரம்தான். ஆக, மெஷின் செலவு நாளுக்கு எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மீதி முழுவதும் ஆட்கள்: மரம் ஏறுகிறவர், கயிறு பிடிக்கிறவர்கள், கிளை இழுக்கிறவர்கள்.

அதனால்தான் "ஒரு மரத்துக்கு எவ்வளவு தம்பி?" என்று தோட்டத்து ஐயா போனில் கேட்டால் நான் தொகை சொல்வதில்லை. "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்பேன். போய்ப் பார்ப்பது மரத்தின் பருமனை மட்டும் அல்ல. மரம் எங்கே விழலாம், கீழே மிளகுக்கொடியும் காபிச் செடியும் எவ்வளவு, மின்கம்பி எவ்வளவு தொலைவு, வெட்டிய கிளை எங்கே போகும் என்பவற்றைப் பார்ப்பேன். திறந்த இடத்தில் ஒரே வெட்டில் சாய்க்கும் மரத்துக்கும், ஓட்டுவீட்டின் மேல் சாய்ந்து நிற்பதைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவதற்கும் விலை நான்கு, ஐந்து மடங்கு வேறுபடும். கிளையை அங்கேயே குவித்துவிடலாம் என்றால் ஒரு விலை, சரிவில் சாலைக்கு ஏற்ற வேண்டும் என்றால் வேறு விலை. மின்கம்பி அருகில் என்றால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆளை ஏற்றுவேன். அந்தக் காத்திருப்பு நேரமும் கணக்கில் சேரும். ஹெல்மெட், முகவலை, காதடைப்பான், செயின் பட்டாலும் காலைக் காக்கும் கால்சட்டை ஆகியவற்றையும் மெஷின் செலவிலேயே சேர்த்து எழுதுகிறேன். இவை இல்லாத ஆள் என் வேலைக்கு வருவதில்லை.

மரத்தை எடுத்துக்கொண்டு சும்மா வெட்டிக்கொடு என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. வெட்டுகூலி தனியாக, மரத்தின் விலை தனியாக எழுதினால்தான் இருவருக்கும் உண்மை தெரியும். அதோடு, 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் வெட்ட அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதம் வாங்கித் தருவது உரிமையாளரின் பொறுப்பு என்று என் விலைப்புள்ளியின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். கடிதம் கையில் வராமல் மெஷினைத் தொடமாட்டேன். இதனால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு. போகட்டும்.

வேலியில் பணம் கரைவது அளவெடுப்பதில். உரிமையாளர் சர்வே வரைபடத்தை நீட்டி, இதுதான் சுற்றளவு என்பார். வரைபடத்தின் நீளம் கிடைமட்ட நீளம். கம்பிவலை போவது சரிவின் மேல். 30 டிகிரி சரிவில் வரைபடத்து 100 மீட்டர் நிலத்தில் 115 மீட்டர் ஆகிறது. 20 டிகிரியில் 106. ரன்னிங் அடிக்கு, அதாவது வேலி நீளத்தின் ஒவ்வொரு அடிக்கும், விலை பேசும் தொழிலில் இந்தப் பதினைந்து மீட்டர்தான் லாபம். எனவே நிலத்தின் மேலேயே நாடாவைப் போட்டு, உரிமையாளரையோ மேஸ்திரியையோ மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித்தான் அளக்கிறேன்.

அடுத்தது வேலிக்கால். நான்கு அங்குலச் சதுரத்தில் ஏழு அடி நீளமுள்ள சிமெண்ட் கால் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. எட்டு அடிக்கு ஒன்று என்று நட்டால் 1,000 அடி வேலிக்கு 126 கால்கள், ஆறு டன்னுக்கு மேல். லாரி நிற்கும் இடத்திலிருந்து அதைத் தலைச்சுமையாக இறக்க வேண்டும். அதே ஏழு அடிக்கு 40 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிள் (எல் வடிவக் கால்) ஒன்று ஆறரைக் கிலோதான். கடையில் ஆங்கிள் விலை கூடுதல். சாலையிலிருந்து எட்டிய சரிவில் அதுவே மலிவு. இரண்டு கணக்கையும் எழுதி உரிமையாளரிடம் காட்டுகிறேன், அவரே தேர்ந்தெடுக்கிறார். இரும்பு என்றால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். வெறும் பெயிண்ட் இந்த ஈரத்தில் நிற்காது. வலை 10 கேஜ், அதாவது 3.25 மில்லிமீட்டர் கம்பி. 12 கேஜ் 2.64தான். அதைப் பன்றி மோதும் இடத்தில் நான் போடுவதில்லை.

குழி தோண்ட 63 சிசி ஆகர் வைத்திருக்கிறேன். மேல்மண் ஆழமான காய்கறி நிலங்களில் அருமையாக இறங்குகிறது. கருங்கல் தலைநீட்டும் இடத்தில் மண்ணைத் துளைக்கும் பிட் சிக்கினால் மெஷின் பிடித்தவர் கையை முறுக்கிவிடும். எப்போதும் இருவர் பிடிக்க வேண்டும், கல் தட்டினால் நிறுத்திக் கடப்பாரைக்கு மாற வேண்டும். வருடத்தில் சில வேலிகள் மட்டும் போடுகிறவர் ஆகரை வாடகைக்கு எடுப்பதே நல்லது. எனக்குத் தொடர்ந்து வேலை இருப்பதால் சொந்தமாக வைத்திருக்கிறேன்.

காட்டுமாட்டைக் கம்பிவலை தடுக்கும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு டன் அளவுக்கு எடை வரக்கூடிய விலங்கு சாய்ந்தால் எந்த வலையும் விழும். மன்னவனூர், பூண்டிப் பக்கம் பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள் சோலார் மின்வேலி கேட்கிறார்கள். காட்டை ஒட்டிய நிலம் என்றால் 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும். விட்டு விட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும், தரச்சான்று பெற்ற கருவியை மட்டும்தான் பொருத்துகிறேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கச் சொல்கிறவரிடம் வேலையே எடுப்பதில்லை. மாடும் சாகும், மனிதனும் சாவான்.

வேலிக்கம்பியை உயிர்மரத்தில் ஆணி அடித்துக் கட்டச் சொன்னாலும் மறுத்துவிடுகிறேன். கால் ஒன்று கூடுதலாக நட்டுக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து ஆண்டில் மரம் அந்தக் கம்பியை விழுங்கிவிடும். பிறகு அதை வெட்ட வருகிறவரின் செயின் அதில்தான் தெறிக்கும். பழைய எல்லை மரங்களை வெட்டும் வேலைக்கு ஒரு செயினின் விலையைத் தனி வரியாகவே எழுதுகிறேன்.

சோலார் வேலியின் கீழ்க்கம்பியைச் செடி தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், வேலி செத்த கம்பியாகிவிடும். அதனால் வேலி விலையோடு நிறுத்தாமல், புல் வெட்டும் மெஷினால் வேலியடியைச் சுத்தம் செய்வதற்கு ஆண்டு ஒப்பந்தமும் சேர்த்தே பேசுகிறேன். இதற்கு ஹோண்டாவின் 35.8 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்திய மெஷின் வைத்திருக்கிறேன். எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, சத்தமும் குறைவு. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வேலி வேலைக்கு முன்பணமாகப் பொருள்களின் முழு விலையும், கால் நட்டதும் கூலியில் பாதியும், மீதி வலை இழுத்து முடித்த அன்றும் வாங்குகிறேன். ரிசார்ட்டுகளும் பெரிய எஸ்டேட்டுகளும் தனிநபர் ஒப்பந்தக்காரரிடம் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் வரிக்குப் போக மீதியைத் திரும்பப் பெறலாம்.