குச்சவெளியில் நடந்த வெளிநாட்டு இலவச மருத்துவ முகாம்: கண்ணுக்குப் போகலாம், குளிசைக்குக் கவனம்

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் வெளிநாட்டுக் குழுவொன்று போட்ட முகாமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண் பரிசோதனை அருமை. அவசரமே இல்லாமல் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, அம்மா பொடி எழுத்தை வாசித்த பிறகுதான் எழும்ப விட்டார்கள், கண்ணாடியும் கையோடு தந்தார்கள்.

பிரஷர் பக்கம்தான் சரியில்லை. அம்மா பல வருடமாகப் பெரியாஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறவர், கிளினிக் கொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார், ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் புதுக் குளிசை கொடுத்துவிட்டார்கள். அட்டையில் இருந்த எழுத்து எந்த மொழி என்று எங்கள் மருந்துக் கடைக்காரருக்கே விளங்கவில்லை, காலாவதியாக இரண்டு மாதம்தான் இருந்தது. மருந்து நன்கொடைக்கென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1996இல் வழிகாட்டி வெளியிட்டு 2010இல் திருத்தியும் இருக்கிறது. வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பெறுகிற நாட்டு வைத்தியர்களுக்கு விளங்கும் மொழியில் லேபிள் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கேட்காத மருந்தெல்லாம் வந்து சேர்ந்த நாடு இது, திரும்பவும் அதையே செய்தால் கோபம் வராதா?

இன்னொன்று. சீனி பார்க்க விரலில் குத்தியவர்கள், ஒரு சொட்டு இரத்தத்தைத் தடித்த தாளிலும் ஒற்றி எடுத்தார்கள். ஆங்கிலப் படிவத்தின் அடியில் ‘இரத்த மாதிரி, ஆய்வுக்கும் பயன்படலாம்’ என்று ஒரு வரி. கேட்டதற்கு, மொழிபெயர்க்க நின்ற தம்பி “அது வழமையான ஃபோர்ம்தான் அக்கா” என்றார். வரிசையில் நின்ற வயசான ஆட்கள் வாசிக்காமலே ஒப்பம் வைத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடைக்கிற வைத்தியம் என்பதற்காக ஆட்களின் சம்மதத்தைக் கேட்காமல் விடலாமா?

வெளிநாட்டு உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதில் எயிட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்குப் பணம் கொடுக்கிற சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் பணத்துக்கும் பங்குண்டு, ஆனால் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தது எங்கள் மலேரியா தடுப்பு இயக்கத்து ஆட்கள். இந்த முகாமோ எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்கு ஒரு நோயாளர் பட்டியல்கூடக் கொடுக்காமல் போய்விட்டது.

அடுத்தது மூதூர்ப் பக்கமாம். கண்ணுக்கென்றால் தாராளமாகப் போங்கள். பிரஷர், சீனி வருத்தக்காரர் எடுக்கிற மருந்தை நிறுத்தாமல், புதுக் குளிசையைக் கிளினிக் டொக்டரிடம் காட்டிவிட்டுப் பாவியுங்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வுக்கு விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், அதற்காக வைத்தியம் பார்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை.