ஓடவிடுவதா, தூங்கவிடுவதா, அணைப்பதா?

"டெஸ்க்டாப்பை அடிக்கடி அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒவ்வொரு தொடக்கமும் கொஞ்சம் தேய்மானம்தான். ஆனால் பழைய டிஸ்க்குகள் பலவற்றின் விவரக்குறிப்பிலேயே 50,000 தொடக்கம் தாங்கும் என்று போட்டிருக்கும். தினமும் 5 தடவை அணைத்துப் போட்டாலும் அதைத் தொட 27 வருஷம் ஆகும். சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை.

ஓடிக்கொண்டே இருப்பதிலும் தேய்மானம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஃபேன் நிற்காமல் தூசியை உள்ளே இழுக்கும். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு.

கரண்ட் கணக்குக்கு வருவோம். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் என்று வைத்துக்கொண்டால், வருஷம் முழுக்க ஓடினால் சுமார் 525 யூனிட். 8 மணி நேரம் மட்டும் ஓட்டி, மீதி நேரம் 2 வாட் ஸ்லீப்பில் விட்டால் 187 யூனிட்டோடு முடிந்துவிடும். அந்த ஸ்லீப் நேரத்தையும் ஷட் டவுனாக மாற்றினால் அதிகபட்சம் 12 யூனிட் மிச்சமாகும், அவ்வளவுதான். அதனால்தான் வீட்டு டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு ஸ்லீப்புக்கு. திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும், சில நொடியில் எழுந்துவிடும்.

ஸ்லீப்புக்கு ஒரு பலவீனம்: எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் சேமிக்காதது போச்சு. ஹைபர்நேட் அதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவதால் அந்தப் பயம் இல்லை, எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமாகும். லேப்டாப்பைப் பையில் வைக்கும் முன் ஹைபர்நேட்தான் சரி. புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது அரைத்தூக்கம்; பையைத் திறந்தால் சூடான லேப்டாப்பும் காலியான பேட்டரியும் கிடைக்கலாம்.

ஷட் டவுனிலும் ஒரு சூட்சுமம். தினமும் ராத்திரி அணைக்கிறவர்கள் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து, கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் 'அப் டைம்' பாருங்கள். பல நாள் காட்டலாம். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் உறையவைத்துவிட்டு அணைக்கிறது; அடுத்த முறை புதிதாகத் தொடங்காமல் அங்கிருந்தே தொடர்கிறது. ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டுப் பார்ப்பவர்களுக்குப் பலன் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது தேவை ரீஸ்டார்ட். இல்லையென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன்.

24 மணி நேரமும் ஓடவேண்டிய கணினிகளும் உண்டு: வீட்டில் எல்லோரும் ஃபைல் எடுக்கிற, கேமரா பதிவு செய்கிற மெஷின்கள். அந்த வேலைக்கு கேமிங் டெஸ்க்டாப் எதற்கு? சில வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போதும். எப்போதாவது வெளியிலிருந்து டெஸ்க்டாப்புக்குள் நுழையத்தான் வேண்டுமென்றால், அதே ராஸ்பெர்ரி பையிலிருந்து வேக்-ஆன்-லேன் என்ற நெட்வொர்க் சிக்னலை அனுப்பி, தூங்கும் டெஸ்க்டாப்பை எழுப்பிக்கொள்ளலாம்.