பழைய பாம்ல சாஃப்ட்வேர் ஏத்த எது நல்ல வழி: கார்டா, லினக்ஸா, விண்டோஸா, இன்ஃப்ராரெட்டா?

உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு பழைய பாம் ஆர்கனைசர்ல (ஸ்மார்ட்போனுக்கு முந்தின, பேனா வச்சு எழுதுற கையடக்க டிஜிட்டல் டைரி) சாஃப்ட்வேர் ஏத்தணும்னா, முதல்ல அதோட அடிப்பக்கத்த திருப்பி கனெக்டர் பின்ல களிம்பு ஏறியிருக்கான்னு பாருங்க. விண்டோஸ் எந்த வெர்ஷன், கேபிள் ஒரிஜினலா டூப்ளிகேட்டாங்கிறதெல்லாம் அப்புறம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் சபுராளிங்க (வெளிநாட்டுல சம்பாதிக்கப் போனவங்க) துபாய்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் கொண்டு வந்த பாம் எம்500, டங்ஸ்டன் ஈ, சயர் இதெல்லாம் அலமாரில அப்படியே கிடக்கு, ஆன் பண்ணா ஆன் ஆகுது, பேனா வச்சு எழுதுனா எழுதுது, ஆனா கம்ப்யூட்டர்ல சொருகுனா மட்டும் சத்தமே இல்ல. "காக்கா (அண்ணே), டிரைவர் போட்டுட்டேன், பாம் டெஸ்க்டாப்பும் (கம்ப்யூட்டர்ல போடுற பாம் சாஃப்ட்வேர்) போட்டுட்டேன், புடிக்கவே மாட்டேங்குதே"ன்னு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது பின்ன தொடைக்கத்தான்.

அதனால நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கும்போது என் கணக்கு ஒண்ணுதான்: அந்த பின்ன எவ்வளவு கம்மியா நம்பியிருக்கோ அந்த வழி நம்ம கடற்கரைக்கு அவ்வளவு நல்லது. மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ இருக்குறவங்களுக்கு இந்த வரிசை வேற மாதிரி வரலாம், அது அவங்க பாடு.

புதுசா எடுக்குறவங்களுக்கு ஒரு விஷயம். பாம்ல ஏத்துற சாஃப்ட்வேர் பிஆர்சின்னு முடியுற ஃபைலா இருக்கும், அதுக்கு வேண்டிய டேட்டா பிடிபின்னு முடியும். செட்டப் விசார்டு, ரெஜிஸ்ட்ரி எதுவும் கிடையாது, அந்த ஃபைல் உள்ள போய் உக்காந்துட்டா ஆப் ரெடி. 1996ல வந்த முதல் பைலட் 1000ல இருந்த மெமரியே 128 கேபிதான், அதுக்கு எழுதுன பழக்கத்துல இந்த ஃபைல்களும் பொடிப்பொடியா இருக்கும், ஏத்துறதுக்கு நேரமே ஆகாது. வழி கிடைக்கிறதுதான் கஷ்டம்.

கார்டு வழியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா ஸ்லாட் இருக்குற மாடல்னா என் ஓட்டு யோசிக்காம இதுக்குத்தான். 2001ல வந்த எம்500, எம்505, அப்புறம் எம்125, எம்130, எம்515, டங்ஸ்டன் டி, டங்ஸ்டன் ஈ, ஈ2, டிஎக்ஸ், சயர்ல 31, 71, 72 இதுக்கெல்லாம் எஸ்டி கார்டு ஸ்லாட் உண்டு. கார்டை கார்டு ரீடர்ல போட்டு எந்த கம்ப்யூட்டர்ல வேணாலும் சொருகலாம், விண்டோஸ் 11, மேக், லினக்ஸ், ஓடிஜி கேபிள் இருந்தா கையில இருக்குற ஆண்ட்ராய்டு போனே போதும், டிரைவர் தேவையே இல்ல. கார்டுல பாம்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள லாஞ்சர்னு ஒரு ஃபோல்டர், ரெண்டும் ஆங்கில எழுத்துல, பிஆர்சி ஃபைல அதுக்குள்ள காப்பி பண்ணி கார்டை பாம்ல போட்டா மேல மூலையில இருக்குற கேட்டகரி லிஸ்ட்ல கார்டு பேரு வரும், அத தொட்டா ஆப் நிக்கும். அங்க இருந்தே ஓட்டலாம், இல்ல மெனுவுல காப்பி குடுத்து உள் மெமரிக்கு மாத்திக்கலாம். அம்புட்டுத்தான்.

இதுல ரெண்டு முட்டுக்கட்டை உண்டு. முதல்ல கார்டே கிடைக்காது. இப்ப ராமநாதபுரத்துல எந்த மொபைல் கடையில கேட்டாலும் 32 ஜிபி, 64 ஜிபிதான் எடுத்து நீட்டுவாங்க, அது எஸ்டிஎச்சி, இல்லன்னா அதுக்கும் மேல, பாமுக்கு அது என்னன்னே தெரியாது. வேண்டியது 2 ஜிபியோ அதுக்கு கம்மியாவோ உள்ள பழைய எஸ்டி. பழைய டிஜிட்டல் கேமரா, பட்டன் போன் இதுக்குள்ள தேடுங்க, போன்ல இருந்த 2 ஜிபி மைக்ரோ எஸ்டிய அடாப்டர்ல போட்டாலும் நல்லாவே வேலை செய்யும். ஃபார்மட்ட கம்ப்யூட்டர்ல பண்ண வேணாம், பாம்லயே கார்டு இன்ஃபோன்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஃபார்மட் குடுத்தா அதுக்கு பிடிச்ச மாதிரி அதுவே பண்ணிக்கும். ரெண்டாவது முட்டுக்கட்டை பிடிபி ஃபைல்ல வரும். சில ஆப்புக்கு அதோட டேட்டாவும் லைப்ரரியும் உள் மெமரில இருந்தாத்தான் கண்ணுக்கு தெரியும், கார்டுல இருந்தா ஆப் தொறந்து ஒண்ணும் இல்லாம நிக்கும், லாஞ்சர் (ஆப் லிஸ்ட் காட்டுற ஸ்கிரீன்) மெனு காப்பிலயும் இந்த டேட்டா ஃபைல் எல்லாம் வராது. அதுக்கு ஃபைல்இசட்னு ஒரு இலவச ஃபைல் மேனேஜர் இருக்கு, அதையும் அதே லாஞ்சர் ஃபோல்டர்ல போட்டு கார்டுல இருந்தே ஓட்டி மத்த ஃபைல ஒவ்வொண்ணா உள்ள மாத்திக்கலாம். இந்த ஒரு ஆப்ப மட்டும் கார்டுல நிரந்தரமா வச்சுக்கங்க.

மண்டபத்துல விசைப்படகு வச்சிருக்குற மச்சான் ஒருத்தர் டீசல், ஐஸ், ஆள் பங்கு கணக்கு எழுத எம்500தான் வச்சிருக்காரு. போன் இருக்கும்போது இது எதுக்குன்னு கேப்பீங்க. அந்த கறுப்பு வெள்ளை ஸ்கிரீன் உச்சி வெயில்ல படகு மேல நின்னாலும் எழுத்து எழுத்தா தெரியும், வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாத்தான் இருக்கும், போன் ஸ்கிரீன் அந்த இடத்துல கண்ணாடி பாக்கத்தான் ஆகும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல படகு கரையில நிக்கும்ல, அப்ப உக்காந்து அவருக்கு வேண்டிய கணக்கு ஷீட் எல்லாம் கார்டு வழியாவே ஏத்திக் குடுத்தோம், அவர் பாமோட கனெக்டர் எப்பவோ பச்சை பூத்துப்போச்சு, அத தொடவே இல்ல.

ஸ்லாட் இல்லாத மாடல்னா அடுத்தது லினக்ஸ், இதுக்கு பின் வேணும், ஆனா கம்ப்யூட்டர் பக்கம் தொல்லை ரொம்ப கம்மி. பைலட்-லிங்க்னு ஒரு பேக்கேஜ், அதுக்குள்ள பைலட்-எக்ஸ்ஃபர்னு ஒரு கமாண்ட். போர்ட் பேரு சொல்லி, இன்ஸ்டாலுக்கு ஐங்கிற எழுத்த போட்டு, ஃபைல் பேர குடுத்தா ஏத்திடும். பி எழுத்து போட்டா மொத்த பாமையும் ஒரு ஃபோல்டருக்கு பேக்கப் எடுக்கும், ஆர் போட்டா திரும்ப கொட்டும். (போர்ட்டுக்கும் பி எழுத்துதான் வருது, குழப்பிக்காதீங்க, பேக்கப்புக்கு பெங்களூர் எழுதுற பி, போர்ட்டுக்கு பாம் எழுதுற பி.) மவுஸ் வச்சு பண்ணணும்னா ஜே-பைலட் இருக்கு, அது பழைய பாம் டெஸ்க்டாப் மாதிரியே காலண்டர், அட்ரஸ், மெமோ எல்லாம் காட்டும்.

இதுல பாதிப்பேரு மாட்டுற இடம் ஒண்ணே ஒண்ணு. யூஎஸ்பி பாம் கேபிள சொருகுனதும் கம்ப்யூட்டர்ல தெரியாது. பாம்ல ஹாட்சிங்க் (கம்ப்யூட்டரோட டேட்டாவ ஒத்துப் பார்த்து மாத்திக்கிறது) பட்டன அமுக்குனதுக்கு அப்புறம்தான் அது தலைய காட்டும், கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு யாரும் கூப்பிடலைன்னா திரும்ப மறைஞ்சிடும். அதனால முதல்ல பட்டன், உடனே கமாண்ட். இத தெரியாம கேபிள் போச்சு, பாம் போச்சுன்னு தூக்கி பழைய இரும்பு கடையில போடுறாங்க, வயிறு எரியுது. லினக்ஸோட மையமான கெர்னல்ல வைசர்னு ஒரு மாட்யூல் இருக்கு, அது லோட் ஆனா சீரியல் போர்ட் மாதிரி ரெண்டு தெரியும், சிங்க் பெரும்பாலும் ரெண்டாவதுலதான் நடக்கும். அது வம்பு பண்ணா மாட்யூல நிறுத்திட்டு பைலட்-லிங்க்லயே யூஎஸ்பின்னு போர்ட் பேரு குடுத்து நேரா பேசலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். பெர்மிஷன் இல்லன்னு சொன்னா யூசர டயல்அவுட் குரூப்ல சேர்க்கணும்.

விண்டோஸுக்கு வருவோம். 32 பிட் எக்ஸ்பி ஓடுற பழைய கம்ப்யூட்டர் வீட்டுல இருந்தா, பின்னும் சுத்தமா இருந்தா, இத விட சொகுசு எதுலயும் இல்லன்னு மனசார சொல்றேன். எம்500 காலத்து மாடலுக்கு பாம் டெஸ்க்டாப் 4.1.4, பிஆர்சி ஃபைல ரெண்டு தடவ கிளிக் பண்ணா எந்த யூசருக்குன்னு கேக்கும், சொன்னா வரிசையில வச்சுக்கும், அடுத்த ஹாட்சிங்க்ல தானா ஏறிடும். அத விட பெருசு, பாம் பேட்டரி செத்து எல்லாம் அழிஞ்சுபோனாலும் அதே யூசர் பேர்ல ஒரு தடவ ஹாட்சிங்க் பண்ணா பேக்கப் ஃபோல்டர்ல இருந்து ஆப்பும் டேட்டாவும் திரும்ப வந்து உக்காரும். 2004ல ட்ரியோ 650யும் டங்ஸ்டன் டி5யும் வர்ற வரைக்கும் பாம்ல கரண்ட் போனா மெமரியும் போச்சு, அதனால இது சின்ன வசதி கிடையாது. கார்டு வழியில இது தானா நடக்காது, பேக்கப் எடுக்குற ஆப்ப தனியா ஏத்தி ஞாபகமா எடுக்கணும், கார்டோட பெரிய குறையே இதுதான். அதே மாதிரி டாகுமெண்ட்ஸ் டு கோ மாதிரி கம்ப்யூட்டர் பக்கமும் ஒரு பாதி இருக்குற சாஃப்ட்வேர்னா விண்டோஸ்லதான் முழுசா வேலை செய்யும். சில ஆப் இஎக்ஸ்இ இன்ஸ்டாலரா மட்டும் கிடைக்கும், அதுல சிலத 7-ஜிப்ல பிரிச்சா பிஆர்சி வெளிய வந்துடும், அப்ப கார்டுக்கே திரும்பிடலாம்.

ஆனா இன்னைக்கு எல்லார்கிட்டயும் இருக்குறது 64 பிட் விண்டோஸ். அதுக்கு பாம் கம்பெனி யூஎஸ்பி டிரைவர் விடவே இல்ல. 6.2 வெர்ஷன் பாம் டெஸ்க்டாப் இன்ஸ்டால் ஆகும், தொறக்கும், ஆனா கேபிள்ல பாம புடிக்காது. ஆசீக்கான்னு நியூசிலாந்து கம்பெனி ஒண்ணு பாம் ஓஎஸ்ல மெஷின் செஞ்சாங்க, அவங்க விட்ட 64 பிட் டிரைவர போட்டு நிறைய பேரு ஓட்டுறாங்க, டிரைவர் சைனிங் (டிரைவர்ல டிஜிட்டல் கையெழுத்து இருக்கான்னு விண்டோஸ் பாக்குறது) தகராறு வரும், பொறுமை வேணும். இன்னொரு வழி விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) 32 பிட் எக்ஸ்பி. ஹாட்சிங்க் அமுக்கும்போதுதான் பாம் தெரியும்னு சொன்னேன்ல, அதனால கையால செலக்ட் பண்ணி உள்ள அனுப்புறதுக்குள்ள அது மறைஞ்சிடும், முன்கூட்டியே யூஎஸ்பி ஃபில்டர் போட்டு வெண்டார் ஐடி 0830ன்னு குடுத்துடணும், அப்ப அமுக்குனதும் நேரா எக்ஸ்பிக்குள்ள போயிடும்.

இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் ஏத்த மொத்தமா ஒரு சாயங்காலம் போயிடும், நடுவுல கரண்டும் போகும். 64 பிட் விண்டோஸ் மட்டும்தான் இருக்கு, பாம்ல ஸ்லாட்டும் இல்லன்னா, பென்டிரைவ்ல ஒரு பழைய உபுண்டு போட்டு லைவா பூட் பண்ணி பைலட்-லிங்க் போட்டுக்கறது இத விட மேல்ங்கிறது என் முடிவு, ஹார்டு டிஸ்க்ல எதையும் தொட வேண்டியதில்ல.

இன்ஃப்ராரெட்ட தனி வழியா எடுத்துக்க முடியாது, ஆனா கார்டோட சேர்ந்தா அருமையான துணை. 1998ல வந்த பாம் 3ல இருந்தே இது இருக்கு. ஸ்லாட் உள்ள ஒரு பாம்ல கார்டு மூலமா ஏத்திட்டு, அங்க இருந்து ஸ்லாட் இல்லாத பாம் 3எக்ஸ்இ, எம்100, முதல்ல வந்த சயர் மாதிரி மெஷினுக்கு லாஞ்சர் மெனுல பீம் (இன்ஃப்ராரெட்ல அனுப்புறது) குடுத்து அனுப்பிடலாம், ரெண்டு கனெக்டரும் துருப்பிடிச்சு கிடந்தாலும் கவலை இல்ல. ஒரு தடவைக்கு ஒரு ஆப்தான் போகும், பூட்டு படம் போட்டிருக்குற ஆப் போகாது. திண்ணைல வெயில்ல உக்காந்து பண்ணாதீங்க, நம்ம ஊரு வெளிச்சத்துல இன்ஃப்ராரெட் குருடாகிடும், வீட்டுக்குள்ள வந்து ஒரு சாண் தூரத்துல நேருக்கு நேரா பிடிங்க. ப்ளூடூத் டங்ஸ்டன் டி, டி5, ஈ2, டிஎக்ஸ், சயர் 72ல இருக்கு, 64 பிட் விண்டோஸ்ல ஹாட்சிங்க் பண்ண அது உதவும்தான், ஆனா அந்த மாடல் எல்லாத்துலயும் கார்டு ஸ்லாட்டும் இருக்கே, பேக்கப்புக்கு தவிர அத கட்டிக்கிட்டு அழ வேண்டியதில்ல.

சீரியல் கிரேடில் (பாம நிக்க வச்சு கம்ப்யூட்டரோட சேர்க்குற தாங்கி) உள்ள பழைய பாம் 3, பாம் 5 வச்சிருக்குறவங்களுக்கு தனியா. யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வாங்கணும், சிப் எதுன்னு கேட்டு வாங்குங்க. புராலிஃபிக் சிப்ல பழசும் போலியும் நிறைய, புது விண்டோஸ் டிரைவர் அத ஏத்துக்காம கோடு 10 எரர் காட்டும், எஃப்டிடிஐ சிப்னா பிரச்சனை இல்ல. லினக்ஸ்ல ரெண்டுமே பெரும்பாலும் ஓடும். இதுல சீரியல்ங்கிறதால மெஷின் மறையுற தொல்லையும் கிடையாது, கமாண்ட முதல்ல குடுத்துட்டு நிதானமா பட்டன் அமுக்கலாம்.

களிம்பு ஏறுன பின்ன தொடைக்க மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏன்னு (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) கேட்டு கொஞ்சம் வாங்கி, பழைய டூத் பிரஷ்ல நனைச்சு பின்னோட நீளவாக்குல மெதுவா தேய்ங்க, குறுக்க தேய்ச்சா வளையும். கிரேடில்ல இருக்குற பின்னையும் சேர்த்து தொடைங்க, அத எல்லாரும் விட்டுடுறாங்க. வாடைக்காத்து மாசத்துல ஈரம் ஜாஸ்தி, தொடைச்சதும் உடனே சொருகாம நல்லா காய விட்டு சொருகுங்க, தண்ணியில கழுவுறது, வேசலின் தடவுறது ரெண்டும் வேணாம்.