"செட்டிநாட்டு வேலைப்பாடு" என்று விற்கும் பாப்-டாப் கேரவன்: முன்பணம் கொடுக்குமுன் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாப்-டாப், அதாவது படுக்கை வைத்த, கூரை தூக்கும் கேரவன் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்று, பெயர் வேண்டாம், உள்ளே தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் (சிமெண்ட் தரைக்கல்) பதித்திருக்கிறது என்று இரண்டு லட்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒரு வேனை விற்றது. ஐப்பசி மழையின் முதல் வாரத்திலேயே படுக்கை நனைந்தது. கூரையைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது கண்டது இது.

பாப்-டாப்பின் அருமையே கூரை லேசாக இருப்பதுதான். ஓடும்போது தாழ்ந்திருப்பதால் காற்று பிடிக்காது, புளியமரக் கிளைக்கு அடியில் நுழையும். நிறுத்தியதும் தூக்கினால் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். அந்தக் கூரையின் அடியில் 12 மில்லிமீட்டர் தேக்குப் பலகை அடித்திருந்தார்கள். நீளம் 2.5 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. பலகை மட்டுமே 29 கிலோ வருகிறது. மேலே 35 கிலோ ஏசி, எட்டு எட்டுக் கிலோவில் இரண்டு சோலார் பேனல். மொத்தம் 80 கிலோ கூடியும், தூக்கிக் கொடுக்கும் கேஸ் ஸ்ட்ரட் (கேஸ் அடைத்த தாங்குதண்டு) நான்கும் வெறும் கூரைக்குப் போட்ட பழையவையே. ஸ்ட்ரட் மேலேயே அதன் தூக்கும் விசை நியூட்டன் அளவில் அச்சிட்டிருக்கும். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. சாய்வாகப் பொருத்துவதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது, வருடம் போகப் போக உள்ளிருக்கும் கேஸும் குறையும். தூக்கிய கூரையைப் பிடித்து நிறுத்தப் பூட்டு ஊசிகூட இல்லை. கைவிரலோ குழந்தையின் தலையோ இடையில் இருக்கும்போது அது இறங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது. பலகை பர்மா தேக்குதானா என்பது வேறு விஷயம். அசலே என்றாலும் கூரையில் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது சுற்றுத் துணி. கூரைக்கும் பாடிக்கும் நடுவே வரவேண்டியது நீர் புகாத கேன்வாஸ். ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து, அலுமினியப் பள்ளத்துக்குள் உருவிவிட வேண்டும். இங்கே லாரித் தார்ப்பாயை வெட்டி ஸ்டேப்ளர் முள்ளால் அடித்திருந்தார்கள். முள் ஒவ்வொன்றும் ஒரு துளை, அது துருப்பிடித்தால் துளை பெரிதாகும். பருத்தி நூலில் போட்ட தையல் வெயிலில் இற்றுப்போயிருந்தது. தார்ப்பாய் மடிப்பில் வெடிக்கும். காற்றும் விடாது என்பதால் மூச்சுக்காற்றின் ஈரம் உட்பக்கம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஒழுகுகிறது என்று திருப்பிக் கொண்டுபோனால் மேலே சிலிக்கான் பூசி அனுப்பினார்கள். இது வேலையை இன்னும் கெடுத்தது. சிலிக்கான் உரிந்துவிடும், உரிந்த இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இணைப்புக்குள் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), ஓரத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், இதுதான் முறை. கூரையின் நடுவும் பாரத்தில் குழிந்திருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே 10 கிலோ. நாலு பக்கமும் சரிவு கொடுத்து மழைநீரை வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) இறக்கத் தெரிந்த ஊரில் இப்படி ஒரு தட்டைக் கூரையா என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆத்தங்குடிக் கல் வீட்டுக்கு அழகு. வண்டியில் 20 மில்லிமீட்டர் சிமெண்ட் கல் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் ஏறும்; ஓட்டத்தில் வண்டியின் அடிச்சட்டம் முறுக்கிக் கொடுக்கக் கொடுக்க விரிசல் விடும்.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டி இன்னும் பயணிகள் வேன் என்றே இருந்தது. கூரையை வெட்டியது எங்கும் பதிவாகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த அபராதத்தில் மாட்டுவது வாங்கியவர்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் காட்டியே கை விரிக்கலாம். மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி பெற்ற சான்றைக் கேளுங்கள். "பேப்பரெல்லாம் பக்கா" என்று வாயால் சொன்னால் போதாது.

பணம் எண்ணுமுன் செய்யவேண்டியவை: கூரையை நீங்களே தனியாகப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். மூடியபின் ரப்பர் சீலுக்கு இடையில் தாளைச் செருகி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே தண்ணீரும் வரும். தூக்கிய நிலையில் எல்லாப் பக்கமும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்து, உள்ளே மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் மரம் உளுத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதியைக் காட்டும் நாலு இலக்கம் பாருங்கள்: 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி.யிலுள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். துணி என்ன, ஸ்ட்ரட் எத்தனை நியூட்டன், மரம் எது என்பதெல்லாம் பில்லில் ஏற வேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஒழுகும்போதே தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள். சிலிக்கான் பூசக் கொடுப்பதற்கு முன்னால் எடுங்கள், பூசிவிட்டால் எந்த இடத்தில் ஒழுகியது என்பதே மறைந்துபோகும்.