டெக்சஸில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனத்துக்கு: சர்டிஃபைட் மெயில் (கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் தபால்) உங்கள் கைக்கு வந்து சேராமலேயே வீடு ஏலத்துக்குப் போகலாம்

2024 செப்டம்பர் மூன்றாம் வாரம். சியாட்டிலில் எங்கள் தபால்பெட்டியில் மஞ்சள் நிறத்தில் ஒரு போஸ்ட்கார்டு கிடந்தது. "உங்கள் டாலஸ் வீடு அக்டோபர் 1 அன்று ஏலத்துக்கு வருகிறது. அதற்கு முன்பே ரொக்கத்துக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று யாரோ முன்பின் தெரியாத ஆள் எழுதியிருந்தார். ஏதோ மோசடி என்று கிழிக்கப் போனேன். "நம்ம வீட்டு நம்பர் சரியா இருக்கே, எதுக்கும் கவுன்டி சைட்ல ஒருதடவை பாத்துடுங்க" என்றாள் மனைவி. பார்த்தோம். கவுன்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) ஏலப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

வங்கித் தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சொத்து வரியும் பாக்கி இல்லை. வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோனது ஹெச்.ஓ.ஏ., அதாவது குடியிருப்போர் சங்கம். 2021இல் வேலை மாறி சியாட்டில் வந்தபோது அந்த வீட்டை வாடகைக்கு விட்டோம். சங்கச் சந்தா ஆறு மாதத்துக்கு 260 டாலர், ஆட்டோ பேயில் போய்க்கொண்டிருந்தது. 2023 தொடக்கத்தில் சங்கம் தன் நிர்வாக நிறுவனத்தை மாற்றியது. சந்தா கட்டும் பழைய இணையதளம் (போர்ட்டல்) மூடப்பட்டதும் ஆட்டோ பேயும் நின்றுபோனது. வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்படவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அது என் தவறுதான். நான்கு தவணை, 1,040 டாலர் பாக்கி. ஆனால் சியாட்டில் முகவரியைப் பழைய நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கொடுத்திருந்தேன். அவர்களும் "பதிந்துகொண்டோம்" என்று பதில் போட்டிருந்தார்கள். புது நிறுவனத்தின் பதிவேட்டில் வாடகைக்கு விட்ட வீட்டின் முகவரியே இருந்தது.

போர்ட்டலை மாற்றியபோது பழைய பதிவுகளைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டு, அதன் விலையை வீட்டுக்காரன் தலையில் கட்டியதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. போன் செய்தால் அந்த நிறுவனத்துப் பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சர்டிஃபைட் மெயிலில் அனுப்பிவிட்டோம், சார்."

அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த பையனிடம் கேட்டேன். சமையலறை டிராயரைத் திறந்து வீடியோ காலில் காட்டினான். பீட்சா கூப்பன்களுக்கு அடியில் தபால்காரர் விட்டுப்போன சீட்டுகள் மூன்று. "அண்ணா, உங்க பேர் போட்டிருந்துச்சு, போஸ்ட் ஆஃபீஸ்ல உங்க ஐடி கேப்பாங்கன்னு அப்படியே வச்சுட்டேன்." கோர்ட்டிலிருந்து 'குடியிருப்பவருக்கு' என்று பெயரில்லாமல் வந்த உறையை விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே போட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானே அப்படி எத்தனை உறைகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

சர்டிஃபைட் மெயிலுக்கு ஆள் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். 15 நாள் தபால் நிலையத்தில் கிடக்கும். யாரும் வாங்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். சங்கத்து வக்கீலின் கோப்பைப் பிறகு பார்த்தபோது என் பெயருக்கு வந்த உறைகள் பிரிக்கப்படாமல் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கர்: 'பெற்றுக்கொள்ளப்படவில்லை, அனுப்பியவருக்கே திருப்புக.' கடிதம் எனக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். என் மின்னஞ்சலும் போன் நம்பரும் அதே கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தன. ஒரு போன் இல்லை.

எங்கள் லாயரிடம் "எனக்கு வரவே இல்லையே" என்றேன். டெக்சஸ் சொத்துச் சட்டம் பிரிவு 51.002ஐக் காட்டினார். ஏலத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பு சர்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் போக வேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு, தபால்தலை ஒட்டி, தபாலில் சேர்த்த கணமே நோட்டீஸ் கொடுத்ததாகிவிடும். நீங்கள் பிரித்தீர்களா, பார்த்தீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம்.

இணையத்தில் பலரும் ஆறுதலாகச் சொல்வது 2006இல் வந்த ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் தீர்ப்பு. ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் கேரி ஜோன்ஸ் என்பவரின் வீட்டை வரி பாக்கிக்காக மாநில அரசு விற்றது. இரண்டு முறை அனுப்பிய சர்டிஃபைட் மெயிலும் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. 80,000 டாலர் பெறும் வீடு 21,042 டாலருக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 5-3 என்று ஜோன்ஸ் பக்கம் நின்றது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டது நியாயமான கேள்வி: தபால்காரர் கடிதங்களைக் கண்ணெதிரே சாக்கடையில் தவறவிட்டால், 'நான் அனுப்பியாயிற்று' என்று யாராவது சும்மா இருப்பார்களா? கடிதம் திரும்பி வந்தது தெரிந்த பிறகு, சாதாரணத் தபாலில் அனுப்புவது, கதவில் ஒட்டுவது என்று செய்யக்கூடியதைச் செய்திருக்க வேண்டும் என்றார்.

அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் சங்கத்தின் மேல் அதை வைத்துச் சண்டை போடுவது கடினம் என்று லாயர் முதல் நாளே சொல்லிவிட்டார். புது முகவரிக்காக டெலிபோன் டைரக்டரியைப் புரட்ட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இத்தனைக்கும் என் சியாட்டில் முகவரி கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. வரி பில்லுக்காக நானே மாற்றியது. போஸ்ட்கார்டு போட்ட ஆள் அங்கேதான் எடுத்திருக்கிறார். வீட்டை மலிவாகத் தட்டிப் பறிக்க நினைத்தவருக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்த முகவரி, வருடக்கணக்கில் என் சந்தாவை வாங்கிய சங்கத்துக்குக் கிடைக்கவில்லை.

'பதிந்துகொண்டோம்' என்ற அந்தப் பழைய மின்னஞ்சல்தான் காப்பாற்றியது. அதைக் காட்டியதும், பாக்கியோடு சேர்த்து என் தலையில் கட்டியிருந்த சங்கத்து வக்கீல் கட்டணத்தில் பாதியைக் குறைத்தார்கள். 1,040 டாலர் பாக்கிக்கு மொத்தம் 4,300 டாலர் கட்டி, ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வைத்தோம்.

ஊர் மாறி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், சங்கம், கவுன்டி, வங்கி, காப்பீடு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக முகவரியை மாற்றுங்கள். தபால் துறையில் கொடுக்கும் ஃபார்வர்டிங் (பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடு) 12 மாதத்தில் முடிந்துவிடும். நிர்வாக நிறுவனம் மாறினால் உங்கள் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால் தவணைத் திட்டம் கேளுங்கள். 14 வீடுகளுக்கு மேல் உள்ள சங்கங்கள் அதைக் கொடுத்தாக வேண்டும். வெறும் அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது. ஏலமே முடிந்துவிட்டாலும், வீடு விற்கப்பட்டுவிட்டது என்று சங்கம் நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. குடியிருப்பவரிடம், உங்கள் பெயரில் எந்தச் சீட்டு வந்தாலும் அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நான் இப்போது புது முகவரியைச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். ரசீது அட்டையோடு சர்டிஃபைட் மெயிலில்தான் அனுப்பினேன். பச்சை அட்டை அவர்கள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.