இணையத்தின் முக்கியக் கணு எது? நான்கு அளவைகள், நான்கு பதில்கள்

இணையத்தைப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கோட்டுருவாக வரைந்தால் ஒவ்வொரு கணுவும் ஒரு ஏஎஸ், அதாவது ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கும் வலையமைப்பு. எந்தக் கணு முக்கியம் என்பதில்தான் அளவைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

டிகிரி, இணைப்புகளை எண்ணுவதோடு சரி. 1999-இல் ஆய்வாளர்களான ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர் இந்த எண்ணிக்கை அடுக்கு விதியைப் பின்பற்றுவதாக, அதாவது மிகச் சில கணுக்களுக்கு ஏராளமான இணைப்புகளும் பெரும்பாலானவற்றுக்குச் சொற்பமும் இருப்பதாக, காட்டியதும் இது பிரபலமானது. அதிக டிகிரி உள்ள கணுவே இணையத்தின் மையம் என்ற முடிவும் கூடவே பரவியது. ஏஎஸ்ஸுக்குள் இறங்கி, தரவைத் திசைமாற்றி அனுப்பும் ரவுட்டர் கருவிகளையே கணுக்களாக எடுத்தால் அது பொருந்தாது. ஒரு ரவுட்டரின் மொத்தக் கொள்ளளவுக்கு வரம்பு உண்டு. போர்ட்டுகள் கூடினால் ஒவ்வொன்றின் வேகமும் குறையும். அதனால் நூற்றுக்கணக்கான இணைப்புகள் தொங்குவது பயனர்களைச் சேர்க்கும் ஓரத்தில். நடுவில் இருப்பவை சில அதிவேக இணைப்புகள்தான். டாயில், வில்லிங்கர் குழு 2005-இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது.

பிட்வீன்னஸ் ஒரு கணு வழியே எத்தனை குறுகிய பாதைகள் செல்கின்றன என்று பார்க்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏஎஸ்களுக்கிடையே பாதையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறையான பிஜிபி குறுகிய பாதையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு சிறிய ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) இரண்டு பெரிய நிறுவனங்களிடம் டிரான்சிட், அதாவது மற்ற இணையத்தை எட்டும் வழியை, காசு கொடுத்து வாங்குகிறது என்று வையுங்கள். கோட்டுருவில் அந்த இரண்டுக்கும் நடுவே அது பாலமாகத் தெரியும், மதிப்பெண்ணும் கிடைக்கும். நிஜத்தில் ஒருவரின் டிராஃபிக்கை மற்றவருக்குக் கடத்தினால் இரு பக்கமும் காசு கொடுப்பது அந்த ஐஎஸ்பிதான்! அப்படிக் கடத்துவது ரூட் லீக் என்னும் கோளாறு. நடக்கவே கூடாத பாதைக்கு மதிப்பெண் போடும் அளவையை நான் ஏற்கமாட்டேன்.

குறைந்த இணைப்புள்ள கணுக்களைப் படிப்படியாக உரித்து மிஞ்சுவதைப் பார்க்கும் கே-கோர் பரவாயில்லை. 2007-இல் கார்மி குழு அதைக்கொண்டு சுமார் 100 கணுக்கள் கொண்ட அடர்ந்த கருவைப் பிரித்துக் காட்டியது.

என் தேர்வு கஸ்டமர் கோன்: வாடிக்கையாளர், அவர்களின் வாடிக்கையாளர் என்று கீழே இறங்கி எட்டக்கூடிய அத்தனை ஏஎஸ்களின் எண்ணிக்கை. பணம் எந்தத் திசையில் போகிறது என்பது இதற்குள் இருக்கிறது. தாராளமாகப் பியரிங் செய்யும், அதாவது பிற வலையமைப்புகளோடு நேரடியாக டிராஃபிக் பரிமாறிக்கொள்ளும், ஹரிகேன் எலெக்ட்ரிக் நிறுவனம் டிகிரியில் முன்னணி. ஆனால் இணைய அளவீட்டு ஆய்வு மையமான கெய்டாவின் கோன் பட்டியலில் நெடுங்காலம் முதலிடம் லூமன் (முன்பு லெவல் 3) நிறுவனத்தின் ஏஎஸ் 3356-க்கு. பிஜிபி பாதைகளைத் திரட்டும் ரவுட்வியூஸ் போன்ற தரவுகளில் சிறிய வலையமைப்புகளுக்கிடையேயான பியரிங் இணைப்புகள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. கோன் வாடிக்கையாளர் இணைப்புகளை மட்டுமே பின்தொடர்வதால், அந்த இழப்பு டிகிரியையும் கே-கோரையும் தாக்கும் அளவுக்குக் கோனைத் தாக்காது.

ஆனால் வீடியோ, தேடல் போன்றவற்றைத் தரும் கன்டென்ட் வலையமைப்புகளுக்கு டிரான்சிட் வாடிக்கையாளர்கள் அரிது. கோன் அவற்றைச் சுண்டைக்காய் அளவுக்குத்தான் காட்டும். அங்கே டிராஃபிக் அளவைப் பார்த்தே ஆகவேண்டும்.