ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்ற பெயரில் அதிர்வு மோட்டார் விற்கிறார்கள்: ஜாய்ஸ்டிக் வாங்கும் முன் படியுங்கள்

விமான சிமுலேட்டருக்காக ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக், அதாவது விமானத்தின் கட்டுப்பாட்டு விசையை மோட்டார் மூலம் கையில் உணரவைக்கும் ஜாய்ஸ்டிக், வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இணையத்தில் சிமுலேட்டர் சாதனங்கள் விற்கும் ஒருவர், வெறும் அதிர்வு மோட்டார் வைத்த ஜாய்ஸ்டிக்கை ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று சொல்லி எனக்கு விற்றார். தட்டிக் கேட்டதும், கூடுதல் தொகை வாங்கிக்கொண்டு அதைவிட ஆபத்தான ஒன்றைத் தலையில் கட்டினார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பெயரைவிட முக்கியம், இந்த ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. அதைத் தெரிந்துகொண்டால் யார் விற்றாலும் பிடித்துவிடலாம்.

செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாடு, உலோக வடங்கள் வழியாக, வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் தகடான எலிவேட்டருடன் நேரடியாக இணைந்திருக்கிறது. எலிவேட்டரைக் காற்று எவ்வளவு அழுத்துகிறதோ அது கைக்கு வந்து சேரும். அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், அதே கோணத்துக்கு எலிவேட்டரைத் திருப்ப ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். தரையிறங்கும் வேகத்தில் தளர்ந்திருக்கும் கட்டுப்பாடு, மூக்கைச் சாய்த்து வேகமெடுக்கும்போது இறுகிக்கொண்டே போகும். ஸ்டாலை, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலையை, நெருங்கும்போது கையில் பிடிப்பே இல்லாதது போல ஆகிவிடும். அனுபவமுள்ள விமானி வேகமானியைப் பார்க்காமலே வேகம் குறைவதை உணர்வது இதனால்தான்.

ட்ரிம், அதாவது கட்டுப்பாட்டின் பாரத்தைக் கையிலிருந்து நீக்கும் அமைப்பு, இன்னும் முக்கியம். மெதுவாகப் பறக்க வேண்டுமானால் விமானி கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ட்ரிம் சக்கரத்தைச் சுற்றுவார். கையில் இருக்கும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பூஜ்யமாகும். கையை எடுத்தாலும் கட்டுப்பாடு இருந்த இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் இது தலைகீழாக நடக்கிறது. ஸ்பிரிங்குக்கு ஒரே நடுப்புள்ளிதான். ட்ரிம் ஏற ஏற, ஜாய்ஸ்டிக்கை நாம்தான் பார்த்துப் பார்த்து நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சிமுலேட்டரில் மட்டும் பழகியவர்கள் ட்ரிம்மை வெறுப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. உண்மையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் சாதனத்தில் நடுப்புள்ளியை மோட்டார்தான் உருவாக்குகிறது. அதனால் அந்தப் புள்ளியை நகர்த்த முடியும். அதற்காகத்தான் இத்தனை ஆயிரம் செலவழிக்கிறோம்.

போர் விமானப் பிரியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942இல் அலாஸ்காவின் அகுடான் தீவில் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்த ஜப்பானிய ஜீரோ விமானத்தை அமெரிக்கர்கள் பழுதுபார்த்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல், விமானத்தைப் பக்கவாட்டில் உருளவைக்கும் இறக்கைத் தகடுகளான ஐலரான்கள் மிகவும் கனத்துப்போய், உருளுவதற்குப் பெரும் விசை தேவைப்பட்டது தெரிந்தது. எதிரியை அந்த வேகத்தில் எப்படி மடக்குவது என்ற உத்தியே இதிலிருந்து கிடைத்தது. அந்தக் கனத்தைக் கையில் உணராமல் அந்த விமானத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விளம்பரத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. உண்மையான விமானத்தின் கட்டுப்பாட்டு விசை என்றும் எழுதியிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தபோது யுஎஸ்பி கம்பி ஒன்றுதான் இருந்தது. தனி மின்சார அடாப்டர் இல்லை. கணினியில் இணைத்து செஸ்னாவை ஓட்டினேன். ட்ரிம் முழுவதையும் சுற்றியும் ஜாய்ஸ்டிக் அசையவில்லை. வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஸ்பிரிங்கின் அதே இழுப்பு. சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது மட்டும், சட்டைப்பையில் கைப்பேசி அதிர்வது போலக் கைப்பிடி அதிர்ந்தது. கைப்பிடிக்குள் இருந்தது, அச்சில் ஒருபக்கம் எடை வைத்த சிறிய மோட்டார். அது சுழன்றால் கைப்பிடி குலுங்கும். எந்தத் திசையிலும் அது கையைத் தள்ளாது.

விற்பனையாளரைக் கேட்டதற்கு, சிமுலேட்டர் ஆதரிக்கவில்லை என்றார். இந்தப் பதில் பலரை ஏமாற்றும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வெளிவந்தபோது அதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வசதி உள்ளேயே இருக்கவில்லை. தனி மென்பொருள் வேண்டியிருந்தது. ஆனால் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் அந்த வசதி உண்டு. அதில் டிஎஃப்-51டி மஸ்டாங் விமானம் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஏற்றி ட்ரிம்மைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான சாதனமாக இருந்தால் ஜாய்ஸ்டிக் தானாக நகரும். உயரத்திலிருந்து பாய்ந்தால் கை இறுக வேண்டும். என் ஜாய்ஸ்டிக்கில் இரண்டும் நடக்கவில்லை. படம்பிடித்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில், விண்டோஸ் பட்டியலில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் சாதனம் என்றுதானே காட்டுகிறது என்பது. அதிர்வு மோட்டார் மட்டும் உள்ள சாதனமும் அப்படிப் பதிவாகலாம். அதன் டிரைவர், தள்ளு என்று வரும் கட்டளையைக் குலுக்கு என்று மாற்றிக்கொள்ளும். எனவே அந்தப் பட்டியல் சான்று ஆகாது.

மின்சாரக் கணக்கு அதைவிட உறுதியான சான்று. சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்; அதாவது 2.5 வாட். மனிதக் கையை எதிர்த்துத் தள்ளும் மோட்டாருக்கு அது போதவே போதாது. மைக்ரோசாஃப்டின் பழைய சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 கூடச் சுவரில் செருகும் மின்கம்பியோடுதான் வந்தது. அடாப்டரோ மின்கம்பியோ இல்லாத ஜாய்ஸ்டிக்கை ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் விடாமல் கேட்டபோது, பணத்தைத் திருப்பித் தர முடியாது, பழையதை எடுத்துக்கொண்டு உயர்ந்த மாடல் தருகிறேன், வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள் என்றார். 15 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, போர் விமானத்தின் முழு விசை என்று எழுத்திலேயே கொடுத்தார். இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது எளிது. அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் கைக்கு வருவது 75 நியூட்டன், சுமார் 7.6 கிலோ. சிறிய விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்த வரம்பு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் ஸ்டிக்கில் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. ஆகவே முழு விசை என்ற பேச்சே பொய். ஆனால் தொடர்ந்து பிடித்திருக்க அதே விதி அனுமதித்தது 10 பவுண்டு, நாலரைக் கிலோ. உண்மையில் 7 கிலோ கிடைத்தால் அது மிக நல்ல சாதனம்.

வந்த சாதனத்தில் அடாப்டர் இருந்தது, மோட்டாரும் இருந்தது. பயணப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசை ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன். தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோ காட்டியது. மோட்டார் சூடேறியதும் ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கியது. பற்சக்கரங்களுக்கு இடையே இருந்த தளர்வால் நடுப்பகுதியில் ஒரு வெற்றிடம். அங்கே கைக்கு எதுவும் தெரியவில்லை. மெதுவாக நகர்த்தினால் மோட்டாரின் காந்தப் பற்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவது உறைத்தது. விமானத்தை நேராக நிறுத்தத் தேவைப்படும் நுணுக்கமான அசைவுகள் எல்லாம் இந்த நடுப்பகுதியில்தான் நடக்கின்றன.

எனக்கு மிகவும் கோபம் வந்தது பாதுகாப்பு விஷயத்தில்தான். கையை எடுத்தால் ஜாய்ஸ்டிக் இங்கும் அங்கும் ஆடத் தொடங்கி, அடங்காமல் பெருகியது. கணினிக்கும் மோட்டாருக்கும் இடையிலான தாமதத்தால் இப்படி ஆடுவது இயல்பு. அதை அடக்கத்தான் டேம்பர் என்ற தணிப்பு விசை இருக்கிறது. இதில் அந்த அமைப்பு வேலை செய்யவே இல்லை. சிமுலேட்டரை நிறுத்தி மீண்டும் தொடங்கியபோது கைப்பிடி ஓர் ஓரத்துக்குப் பாய்ந்து அடித்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே சைட்விண்டரின் கைப்பிடியில் ஓர் ஒளி உணரி இருந்தது; கை அதை மூடியிருந்தால்தான் மோட்டார் விசை கொடுக்கும். இந்தச் சாதனத்தில் உணரியும் இல்லை, அவசர நிறுத்தப் பொத்தானும் இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை விற்க ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது.

இந்த ஏமாற்று நடக்கக் காரணம் சந்தையில் இருந்த நீண்ட இடைவெளி. மைக்ரோசாஃப்ட் 2003இல் சைட்விண்டர் வரிசையைக் கைவிட்டது. 2009இல் லாஜிடெக் ஜி940 வந்து போனது. அதன் பிறகு பல ஆண்டுகள், சுவிட்சர்லாந்தின் புரூனர் போன்ற விலை உயர்ந்தவற்றையும் பழைய சாதனங்களையும் விட்டால் வேறு வழி இல்லை. விபிஃபோர்ஸ், மோசா போன்றவை வந்தது அண்மையில்தான். உண்மையான பொருளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. குலுங்குவதையே ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று நம்பவைக்க அது போதுமானதாக இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த விமானத்தின் சைட்ஸ்டிக்கே ஸ்பிரிங் வைத்ததுதான்; காற்றின் அழுத்தம் கைக்கு வராது. நல்ல ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் உங்களுக்குப் போதும், மீதிப் பணம் கையில் நிற்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. விளம்பரப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள். என் புகார் போன பிறகு, அந்தப் பக்கத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்ற சொல் மறைந்து வைப்ரேஷன் என்று மாறிவிட்டது. பழைய பக்கத்தின் படம் இருந்ததால்தான் என் வாதம் நிற்கிறது.

இனி வாங்கப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். மஸ்டாங்கில் ட்ரிம்மைத் திருப்பும்போது யாரும் தொடாத ஜாய்ஸ்டிக் தானாக நகர்வதும், கைப்பிடியில் தராசு மாட்டி இழுக்கும்போது காட்டும் எடையும், அரை மணி நேரம் ஓடிய பிறகு அதே தராசு காட்டும் எடையும் வெட்டாமல் அதில் இருக்க வேண்டும். நேர்மையாக விற்பவருக்கு இதை எடுத்து அனுப்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது. முன்பணம் வந்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.